கரும்புலத்துப் பாதை திறப்பு விழா

மனித குலம் இதுவரை கண்டறிந்த நிலங்களிலேயே தலைசிறந்தது இல்லாத நிலம்தான். இருக்கிற நிலத்தில் மழை பொய்க்கும். இல்லாத நிலத்தில் பொய்ப்பதற்கு மழையே வேண்டியதில்லை. இருக்கிற நிலத்தில் சீமைக்கருவேலம் புகும், காட்டுப்பன்றி புகும், பங்காளி புகுவான், கடைசியில் நீதிமன்றத்து அமீனா புகுவார். இல்லாத நிலத்திலோ சட்டத்தைத் தவிர வேறெதுவும் முளைப்பதில்லை. அது மட்டும் ஆண்டுதோறும் மூன்று போகம் விளைகிறது.

இத்தகைய நிலம் ஒன்று எங்கள் அருப்புக்கோட்டை வட்டாரத்தில் இருக்கிறது, அதாவது இல்லாமல் இருக்கிறது என்பது நாம் அனைவரும் நெஞ்சு நிமிர்த்த வேண்டிய செய்தி. பந்தல்குடி சாலையில், லாரிப் பட்டறைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே நின்று நீதி வளர்க்கும் ஒரு தனியார் சட்டக் கல்லூரியின் அறிவுச் சொத்து அது. பெயர் கரும்புலம். சொத்துரிமைச் சட்டம் கற்பிக்கும் ஆசிரியர்கள் உலகெங்கும் இப்படி ஒரு கற்பனை நிலத்துக்குப் பெயர் சூட்டி, அதை விற்றும் வாங்கியும் அடமானம் வைத்தும் பாடம் நடத்துகிறார்கள். நிஜ நிலத்தின் பெயரைச் சொன்னால் மறுநாளே யாராவது அரிவாளோடு வகுப்புக்கு வந்துவிடுவார்கள் அல்லவா? எங்கள் கல்லூரி கரிசல் மண்ணுக்கு மரியாதை செய்து கரும்புலம் என்று பெயரிட்டது. அதற்கு மேற்கே வெண்புலம் என்று இன்னொரு இல்லாத நிலம். இரண்டுக்கும் நடுவே இல்லாத வரப்பு.

கரும்புலத்துக்கு ஒரு மரபு உண்டு. கல்வியாண்டின் முதல் நாளன்று மாணவர் ஒருவருக்கு அது 'பட்டா' செய்யப்படும். ஆண்டு முழுவதும் வகுப்பில் வரும் கிரயம், குத்தகை, பாகப்பிரிவினை எல்லாம் அவர் பெயரிலேயே நடக்கும். அவரை எல்லோரும் 'மிராசு' என்று அழைப்பார்கள். முதல் பெஞ்சின் காற்றாடி ஓரம் அவருக்கே உரியது. கைம்மாறாக அவர் வகுப்புக்கு ஒருமுறை டீயும் சேவும் வாங்கித் தருவார். இல்லாத நிலத்திலிருந்து இருக்கிற சேவு விளைந்த இடம் இந்தப் பூமியில் இது ஒன்றுதான்.

மிராசு யார் என்பதை இதுகாறும் முதல்வரே 'தகுதி அடிப்படையில்' நியமித்து வந்தார். தகுதி என்றால், மாணவரின் தந்தைக்கு நிஜமாகவே நிலம் இருக்க வேண்டும். 'கற்பனை நிலமாயினும் அனுபவமுள்ள கையில் இருப்பதே பாதுகாப்பு' என்று அவர் கல்லூரி ஆண்டறிக்கையில் எழுதினார். அதை அச்சடித்தவன் நான். அருப்புக்கோட்டையில் அச்சகம் வைத்திருக்கிறேன். அந்த வாக்கியத்தில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை என்பதற்கு நான் சாட்சி.

இந்த ஆண்டு துர்காதேவி என்னும் இளம் ஆசிரியை வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. தம் டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்து, மாணவர் பெயரையெல்லாம் சீட்டில் எழுதி உள்ளே போட்டு, மூடிக் குலுக்கினார். இந்த நாட்டில் நிலச் சீர்திருத்தம் பேசாத மேடை இல்லை. ஆனால் ஒரு டிபன் பாக்ஸ் செய்த காரியத்தை எந்த மேடையும் செய்ததில்லை. கரும்புலம் முத்துப்பேச்சிக்கு விழுந்தது. வெண்புலம் அழகுராஜாவுக்கு விழுந்தது.

இருவருக்கும் ஒரே ஊர், நரிக்குடிக்கு அப்பாலுள்ள கள்ளியேந்தல். ஒரே ஊர் என்று நான் சொல்வது தபால்காரரின் கணக்குப்படி. அழகுராஜா ஊருக்குள் இருப்பவன். முத்துப்பேச்சி காலனியில் இருப்பவள். அழகுராஜாவின் தந்தை கோட்டைச்சாமி நஞ்சையும் புஞ்சையும் நிறைய உடையவர். முத்துப்பேச்சியின் தாய் மாயக்காள் ஒரு காலத்தில் அந்தப் புஞ்சைகளில் களையெடுத்தவர். இப்போது அருப்புக்கோட்டை நூற்பாலையில் ஷிப்டு பார்க்கிறார். மாயக்காள் நிமிர்ந்துவிட்டதில் கோட்டைச்சாமிக்கு வருத்தம் எதுவும் இல்லை. நிமிர்ந்து நடப்பதைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவருடைய வருத்தம்.

அந்த வருத்தத்துக்கு ஆடி மாதத்தில் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. காலனியிலிருந்து மெயின்ரோட்டுக்குப் போகும் ஒரே பாதை கோட்டைச்சாமியின் பருத்திக்காட்டு ஓரமாகப் போகிறது. முத்துப்பேச்சியின் மாமா மாரிசெல்வம் லோனில் ஒரு லோடு ஆட்டோ வாங்கி, அதற்கு மாலை போட்டு, ஹாரன் அடித்துக்கொண்டே அந்தப் பாதை வழியாக வந்தார். புழுதி எழுந்தது. எழுந்த புழுதி, மோட்டார் ரூம் கொடியில் காய்ந்துகொண்டிருந்த கோட்டைச்சாமியின் வெள்ளை வேட்டியில் போய் அமர்ந்தது. மறுநாள் காலை பாதையின் இரண்டு முனையிலும் சீமைக்கருவேல முள் வெட்டிப் போடப்பட்டிருந்தது. காலனியார் போய்க் கேட்டார்கள். கோட்டைச்சாமி சுருக்கமாகப் பதில் சொன்னார்.

"எங் காடு. எம் முள்ளு. என் இஷ்டம்."

சொத்துரிமையைப் பற்றி இத்தனை சுருக்கமாக எந்தச் சட்ட நூலும் சொன்னதில்லை.

அன்று முதல் முத்துப்பேச்சி கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் பஸ்ஸுக்கு வர வேண்டும். விடியுமுன் அந்தக் கரையில் ஒரு பெண் தனியே நடக்க முடியாது. விடிந்தபின் நடந்தால் முதல் பஸ் அதுவரை காத்து நிற்பதில்லை. அடுத்த பஸ்ஸில் அவள் வருவதற்குள் முதல் பாடவேளை பாதி முடிந்திருக்கும். முதல் பாடவேளைதான் சொத்துரிமைச் சட்டம். கல்லூரி வாசலில் கைரேகை இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். நவீன யுகத்தின் நடுநிலைமைக்கு அதைவிடச் சான்று வேண்டாம். மணி அடித்தபின் எந்த விரலை வைத்தாலும், எந்தச் சாதிக்காரர் விரலை வைத்தாலும், அது ஒரே குரலில் 'வரவில்லை' என்று பதிவு செய்யும். வரவு குறைந்தால் தேர்வு எழுத முடியாது. அந்தத் தேர்வை எழுதாவிட்டால் முத்துப்பேச்சிக்கு ஓராண்டு போய்விடும். அடுத்த ஆண்டும் பாதை இருக்காது. ஆகவே கரும்புலத்தின் மிராசு, கரும்புலத்தைப் பற்றிய வகுப்புக்கு வழியில்லாமல் தினமும் பின்வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றார்.

இப்படியிருக்க, துர்காதேவி வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தார். வெண்புலத்துக்குச் சாலைக்குப் போக வழியில்லை. கரும்புலத்தைக் கடந்துதான் போக வேண்டும். வெண்புலத்தார் என்ன செய்யலாம்? முதல் விடை, மரியாதையாக எழுதிக் கேட்கலாம். அழகுராஜா எழுந்து நின்று தான் எழுதியதை வாசித்தான்.

"மதிப்பிற்குரிய நில உரிமையாளர் முத்துப்பேச்சி அவர்களுக்கு, தங்கள் நிலத்தின் வழியே நடந்துபோக அனுமதி வேண்டித் தாழ்மையுடன் விண்ணப்பிக்கிறேன்."

"கொஞ்சம் சத்தமா வாசிப்பா, மிராசுக்குக் கேக்கல" என்று பின்பெஞ்சு ஒன்று குரல் கொடுத்தது. வகுப்பு சிரித்தது. முத்துப்பேச்சி சிரித்தாள். அழகுராஜாவும் சிரித்தான். ஒரு மாணவன் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். அன்று மாலையே நரிக்குடி டீக்கடையில் நாலு பேர் அதைக் கோட்டைச்சாமிக்குப் போட்டுக் காட்டினார்கள். நல்ல செய்திக்குத்தான் இங்கே பாதை இல்லை. இதற்கு எந்த முள்ளும் தடையாக இருக்கவில்லை.

மறுநாள் கோட்டைச்சாமியின் ஜீப்பு கல்லூரி வளாகத்துக்குள் நுழைந்தது. கைரேகை இயந்திரம் அதை ஒன்றும் கேட்கவில்லை.

"எம் மகன் எதுக்குய்யா அந்தப் பிள்ளைகிட்டப் பாதை கேக்கணும்?" என்று அவர் முதல்வர் அறையில் முழங்கினார்.

"ஐயா, அது கற்பனை நிலம்."

"கற்பனை பண்றதுன்னு ஆயிப்போச்சு, அதுல எதுக்கு எம் மகனுக்குப் பாதையில்லாத காட்டக் குடுத்தீக? நல்ல ரோட்டோரக் காடாக் கற்பனை பண்ணினா உங்களுக்குக் காசா பணமா?"

முதல்வர் இதற்குப் பதில் தேடினார். பாடத்திட்டத்தில் கிடைக்கவில்லை.

அடுத்த வாரமே 'கரும்புல விவகாரம் தொடர்பான சிறப்பு அமைதிக் கூட்டம்' கூட்டப்பட்டது. கல்குவாரியும் கல்யாண மண்டபமும் கல்வியும் நடத்திவரும் தாளாளர் தலைமை தாங்கினார். முதல்வர், துர்காதேவி, மாணவர் இருவர், பெற்றோர் இருவர் வந்திருந்தார்கள். கல்லூரியின் நோட்டீசுகளை அச்சடிப்பவன் என்ற முறையில் நான் 'பொதுமக்கள்' என்ற நாற்காலியில் அமர்த்தப்பட்டேன். நாட்டு மக்கள் அனைவருக்காகவும் ஒரே ஒரு பிஸ்கட்டு எனக்கு வழங்கப்பட்டது.

மாயக்காள் உள்ளே வந்ததும் மகளைக் கண்டித்தார்.

"ஏண்டி, நெலம் வாங்குனவ பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?"

"அம்மா, அது இல்லாத நெலம்மா."

"அட, இதுக்கா என்னய லீவு போட்டு வரச் சொன்னாக? அதுதானடி நம்மகிட்டத் தலைமுறை தலைமுறையா இருக்கு!"

தாளாளர் மேசையைத் தட்டினார். நிகழ்ச்சி தொடங்கியது.

"மொதல்ல ஒண்ணு தெரியணும்" என்றார் கோட்டைச்சாமி. "இந்தக் கரும்புலத்துல கெணறு இருக்கா?"

முதல்வர் துர்காதேவியைப் பார்த்தார். "இன்னும் தோண்டவில்லை, ஐயா" என்றார் துர்காதேவி.

"தோண்டாதீக. அடுத்து அவ கெணத்துல எம் மகன் தண்ணி கேக்குற மாதிரி ஒரு கணக்குப் போடுவீக."

"தோண்ட மாட்டோம், இது உறுதி" என்றார் தாளாளர். கரும்புலத்தில் கிணறு வெட்டுவதில்லை என்பது முதல் தீர்மானமாகப் பதிவாயிற்று. இல்லாத நீரைக்கூட இவ்வளவு பொறுப்போடு பாதுகாக்கும் நிர்வாகத்தை வேறு எந்த வறண்ட வட்டாரத்திலும் நீங்கள் பார்க்க முடியாது.

முதல்வர் ஒரு சமரசம் வைத்தார். "நிலங்களை மாற்றிக்கொள்ளட்டும். கரும்புலம் அழகுராஜாவுக்கு, வெண்புலம் முத்துப்பேச்சிக்கு. அப்போது பாதை கேட்க வேண்டியவர் முத்துப்பேச்சி."

"அது சரி. அதான வழக்கம்" என்றார் கோட்டைச்சாமி. பிறகு நெற்றியைச் சுருக்கினார். "ஆனா பக்கத்துக் காடு அவுகளுதா ஆயிருமே? வரப்புல நிக்கும்போது மூஞ்சியப் பாக்கணுமே?"

"வரப்பை அகலப்படுத்தலாம்" என்றார் முதல்வர்.

"எம்புட்டு?"

"தங்கள் விருப்பம். கற்பனைதானே."

அதுவும் ஒத்துவரவில்லை. தாளாளர் இன்னும் தாராளமான யோசனை சொன்னார். "முத்துப்பேச்சியை அந்தக் கணக்கில் கூலியாளாக வைத்துக்கொள்வோம். கூலியைக் குறைக்க வேண்டாம். கற்பனைதானே, நிறையவே போடுவோம்."

அழகுராஜா மெல்ல வாயைத் திறந்தான். "அப்பா, விடுங்கப்பா. பரீட்சைக்கு வாற கணக்குப்பா அது."

"ஏலே, நீ பேசாத! நீ 'மதிப்பிற்குரிய'ன்னு படிச்சத நரிக்குடி டீக்கடையில அம்புட்டுப் பேரும் ரெண்டு தடவ போட்டுக் கேட்டுட்டாக. டீ மாஸ்டர் மூணாந் தடவ கேக்குறான்."

முத்துப்பேச்சி எழுந்து நின்றாள். "ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா? இல்லாத நெலந்தான? அதத் திருப்பி வாங்கவா இத்தன பெரியவுக கூடியிருக்கீக?"

இந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று தாளாளர் தள்ளுபடி செய்தார்.

அப்போது துர்காதேவி, இனிமேல் நடக்கப்போகும் எதற்கும் தமக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "ஐயா, உங்கள் மகன் யாரிடமும் கேட்கத் தேவையில்லாத வழி ஒன்று சட்டத்தில் இருக்கிறது. வெண்புலத்தார் அந்தப் பாதையில் நெடுங்காலமாகத் தடையில்லாமல் நடந்து வந்திருந்தால், நடப்பது அவர்கள் உரிமை. நிலம் யாருடையதாக இருந்தாலும் அடைக்க முடியாது. ஆனால் அதை யாராவது வாதாடி நிலைநாட்ட வேண்டும்."

"யாரும் எதுக்கு? நானே பேசுறேன்" என்று கோட்டைச்சாமி எழுந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து நாற்காலியில் போட்டார். இந்த வட்டாரத்தில் ஒரு மனிதர் துண்டை இறக்கி வைத்தால் அது பேச்சுக்கா அடிதடிக்கா என்பது சற்று நேரம் கழித்துத்தான் தெரியும். "எங்க அந்தக் கரும்புலத்துக்காரி? பேசச் சொல்லுங்க!"

முத்துப்பேச்சி முன்னே வந்தாள். தாயை ஒருமுறை பார்த்தாள். பிறகு கோட்டைச்சாமியை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"எங் காடு. எம் முள்ளு. என் இஷ்டம்."

மாயக்காள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். கோட்டைச்சாமிக்கு அது தம்முடைய வாசகம் என்று தெரியவில்லை. தம் குரல் எப்படி இருக்கும் என்பதை எதிரே நின்று கேட்கும் வாய்ப்பு அவருக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை.

"இஷ்டமா? என்ன பெரிய இஷ்டம்?" அவர் குரல் கூரையை முட்டியது. "எங்கப்பன் நடந்த பாதை! தாத்தன் நடந்த பாதை! பொணந்தூக்கிப் போன பாதை, பிள்ளத்தாச்சியக் கட்டுலோட ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுன பாதை! நடந்து நடந்து மண்ணே பள்ளமாக் கெடக்கு. அந்த மண்ணக் கேளு, யாரு பாதைன்னு சொல்லும். காயிதத்துல உம் பேரு இருந்தா முள்ள வெட்டிப் போட்டுருவியா?"

"வண்டி போனாப் புழுதி பறக்குது. எந் துணி அழுக்காகுது."

"அழுக்கானாத் தொவச்சுக் கட்டு! ஒந் துணிக்காக ஒரு ஊரையே அடைப்பியா?"

"அடைப்பேன். வேணுமின்னா கண்மாய்க் கரையச் சுத்திப் போங்க."

கற்பனை நிலத்துக்குத் திடீரென்று கண்மாய் முளைத்ததை எவரும் ஆட்சேபிக்கவில்லை.

"கண்மாய்க் கரையா! விடியமுன்னாடி அதுல பூச்சி பொட்டு கெடக்கும். படிக்கிற பிள்ள எப்படிப் போகும், பறந்தா போகும்? மொத பஸ்ஸு ஒன் அப்பன் வீட்டு வண்டியா, நின்னு ஏத்திட்டுப் போக? நெஞ்சுல கொஞ்சமாச்சும் ஈரம் வேணாமா ஒனக்கு? நீயெல்லாம் ஒரு மனுசியா?"

நான் மேடை பார்த்தவன். நூறு கூட்டங்களில் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றிருக்கிறேன். ஆனால் ஒடுக்கப்பட்டோர் சார்பில் அன்று கோட்டைச்சாமி பேசியதைப் போல் எவரும் பேசி நான் கேட்டதில்லை. அவர் கண்ணில் நீர் நின்றது. முதல்வர் மூக்கைச் சிந்தினார். தாளாளரின் கல்குவாரி நெஞ்சமே விரிசல் விட்டது. 'பொதுமக்கள்' தம்மையறியாமல் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்கள்.

ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. 'நெடுங்காலம் மக்கள் நடந்த பாதையை முள்ளிட்டு அடைப்பது மனிதத்தன்மைக்கு மாறானது, சட்டத்துக்கு விரோதமானது; அந்த முள்ளை உடனே அகற்ற வேண்டும்.' கோட்டைச்சாமிதான் முதலில் கையெழுத்திட்டார்.

முத்துப்பேச்சி கைகூப்பினாள். "ஐயா, நான் தோத்துட்டேன். ரொம்ப நல்லாப் பேசுனீக. அதே நியாயந்தானய்யா நம்ம ஊர்ப் பாதைக்கும்? நாளைக்கு முள்ள எடுத்துட்டீகன்னா நான் மொத பஸ்ஸப் பிடிச்சிருவேன். மிச்ச நாளு வந்தாக்கூட வரவு தேறிரும். பரீட்ச எழுதிருவேன்."

கோட்டைச்சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அது வேற, இது வேற."

"எதுங்கய்யா வேற?"

"இது கற்பனை. கற்பனையில நியாயம் பேசலாம், தப்பில்ல. அது நெசக் காடு. நெசக் காட்டுல நியாயம் பேசிட்டுத் திரிஞ்சா வெள்ளாம என்னத்துக்காகும்?"

"கோட்பாடு வேறு, நடைமுறை வேறு என்பதை ஐயா எவ்வளவு அழகாக விளக்கிவிட்டார்!" என்றார் முதல்வர்.

"அப்ப எனக்கு வரவாவது போட்டுக் குடுங்க சார். நான் வகுப்புக்கு வாறது மேடத்துக்குத் தெரியும்."

துர்காதேவி உடனே எழுந்தார். "தெரியும். தாமதமாக வந்தாலும் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. எழுத்தில் தருகிறேன்."

"மேடம், உட்காருங்கள்" என்றார் முதல்வர். "அம்மா முத்துப்பேச்சி, நானும் மனிதன்தான். ஆனால் அந்த இயந்திரத்துக்குக் கற்பனை கிடையாதே!"

கூட்டம் அமைதியாகக் கலைந்தது. அமைதிக் கூட்டம் என்று பெயர் வைத்ததற்கு அது ஒன்றே போதும்.

இந்த மாபெரும் வெற்றியை இப்படியே விட்டுவிட நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. 'பாதை திறந்த பண்பாளர்' கோட்டைச்சாமிக்குக் கல்லூரி மைதானத்தில் பாராட்டு விழா எடுக்கத் தீர்மானித்தார்கள். பிளெக்ஸு நான்தான் அடித்தேன். வெள்ளை வேட்டியில், இரு கைகளையும் விரித்து, பின்னால் சூரியன் உதிக்க நிற்கிறார். மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் இரண்டு கோடு கிழித்துக் கரும்புலத்துப் பாதையை உருவாக்கினார்கள். நடுவே போட முள் வேண்டியிருந்தது. செயற்கை முள் இயற்கையாக இராது என்று, கள்ளியேந்தல் பாதையில் கிடந்ததிலிருந்தே ஒரு கட்டு முள்ளைக் கோட்டைச்சாமி மனமுவந்து அனுப்பிவைத்தார். குறைந்துபோன இடத்தில் அன்றைக்கே புதிதாக வெட்டிப் போடவும் சொல்லிவிட்டார். பெரிய மனிதர்கள் கொடுப்பதால் குறைந்துபோக மாட்டார்கள்.

காலை மணி அடித்ததும் விழா தொடங்க வேண்டும். முதல் நிகழ்ச்சியாக, கரும்புலத்தின் உரிமையாளர் முத்துப்பேச்சி தம் தோல்வியை ஒப்புக்கொண்டு, முள்ளை அகற்றுமாறு கோட்டைச்சாமியை அழைக்க வேண்டும். எல்லோரும் வந்துவிட்டார்கள். மாலை போட்டாயிற்று. முத்துப்பேச்சி மட்டும் வரவில்லை. வெயில் ஏறியது. ரோஜா இதழ்கள் கோட்டைச்சாமியின் வியர்வையில் ஒட்டின.

"எங்கய்யா அந்தப் பிள்ள?" என்று அவர் மேடையிலேயே கடுகடுத்தார். "விழாவுக்காச்சும் நேரத்துக்கு வரத் தெரியாதா? இவுக எப்பவும் இப்படித்தான்."

"சீட்டுக் குலுக்கினால் இப்படித்தான் ஆகும்" என்றார் முதல்வர், துர்காதேவியின் பக்கம் பார்க்காமல்.

அடுத்த பஸ் வாசலில் நின்றது. முத்துப்பேச்சி ஓடி வந்தாள். செருப்பில் கண்மாய்ச் சேறு. பாவாடை ஓரமெல்லாம் ஒட்டுப்புல். வாசலில் விரலை வைத்தாள். இயந்திரம் தன் கடமையைச் செய்தது. மேடை ஏறியதும் தாளாளர் ஒலிபெருக்கியை அவள் பக்கம் திருப்பினார்.

"ஏன் அம்மா இவ்வளவு தாமதம்? சபைக்குச் சொல்."

"பாதைய அடைச்சிருக்குங்கய்யா."

"யார் அடைத்தது?"

அவள் கையை நீட்டினாள். "இந்தா மாலை போட்டு உக்காந்திருக்காகளே, அவுகதான்."

மைதானத்தில் கைதட்டல் இடியாய் எழுந்தது. ஒத்திகை பார்த்த நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். விசில் பறந்தது. முதல்வர் என் காதருகே "என்ன இயல்பான நடிப்பு!" என்றார். கோட்டைச்சாமியே முகம் மலர்ந்து, "பிள்ள நல்லா நடிக்கிதுய்யா" என்று தாமும் தட்டினார்.

"நான் நடிக்கலைங்கய்யா. நெசமாத்தான் சொல்றேன்."

கைதட்டல் இன்னும் பலமாயிற்று. அழகுராஜா மட்டும் தலையைக் குனிந்து சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். துர்காதேவி எழுந்து ஒலிபெருக்கியை நோக்கிப் போனார். அதற்குள் ஒருவர் பாட்டுப் போட்டுவிட்டார். கோட்டைச்சாமி முள்கட்டிலிருந்து ஒரு முள்ளைப் பக்குவமாக எடுத்து ஓரமாக வைத்தார். பாதை திறந்தது. தாளாளர், முதல்வர், விருந்தினர், மாணவர் எல்லோரும் வரிசையாக அதில் நடந்து மறுபக்கம் போய்க் கேசரி சாப்பிட்டார்கள். முத்துப்பேச்சிக்குச் சிறந்த நடிப்புக்கான கேடயம் வழங்கப்பட்டது. அவள் அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, மாலை பஸ்ஸில் இறங்கி, கண்மாய்க் கரை வழியாக வீட்டுக்குப் போனாள்.

தேர்வு வந்தது. வரவுக் குறைவால் முத்துப்பேச்சியின் நுழைவுச் சீட்டு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனாலும் அவள் வந்தாள். அன்றைக்கும் அடுத்த பஸ்ஸில்தான் வந்தாள். கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, உள்ளேயிருந்து தண்ணீர் குடிக்க வந்தவனிடம் என்ன கேள்வி வந்திருக்கிறது என்று கேட்டாள். 'நெடுங்காலம் பயன்பட்ட பாதையை நில உரிமையாளர் அடைத்தால், பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் யாது?' உள்ளே அழகுராஜா தன் தந்தை பேசியதையெல்லாம் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டிருந்தான். அந்தத் தாளில் கல்லூரியிலேயே முதல் மதிப்பெண் அவனுக்குத்தான். அந்தச் செய்திக்கும் பிளெக்ஸு நான்தான் அடித்தேன்.

பெருமக்களே! பாராட்டு விழா முடிந்து இத்தனை நாளாகியும் கள்ளியேந்தல் பாதையில் முள் அப்படியே கிடக்கிறது. போய்ப் பார்த்தேன். இரண்டு முனையிலும் ஆளுயரத்துக்கு நிற்கிறது. வயதான கோட்டைச்சாமி ஒருவர் அவ்வளவையும் வெட்டிச் சுமந்து போட்டிருக்க முடியாது. அன்று மைதானத்தில் நாம் கைதட்டினோமே, அந்தக் கைகளை ஒருமுறை விரித்துப் பார்ப்போம். முள் கீறியிருக்கும்.